மிஸ் கார்லா பாராட்டிய குதிரை

பிஷ்கெக்
செப்டம்பர் 28

பெருமதிப்பிற்குரிய ஷார்ஷென் அண்ணா அவர்களின் சமூகத்திற்கு, தம்பி ஜூமாதில் தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மனைவி புருலும் மகள் பெகிமாயும் நலம். அங்கு தங்கள் ஆடுகள், மாடுகள், அண்ணி, பிள்ளைகள், ஆபரேஷன் செய்த முழங்கால் எல்லாம் நலந்தானா? முறைப்படி குதிரைகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடிதமே அதற்காகத்தான். போனில் சொல்லலாம், ஆனால் போனில் நீங்கள் கத்துவீர்கள். கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் சத்தம் உங்கள் ஊர் அட்-பாஷியோடு நின்றுவிடும். அதனால் உங்கள் ஊர் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

முதலில் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். பெகிமாயை அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது நீங்கள்தான். "டேய், நாமதான் ஆட்டுக்குப் பின்னாடி ஓடினோம், அவளாவது ஆங்கிலத்துக்குப் பின்னாடி ஓடட்டும்டா" என்று சொன்னது உங்கள் வாய். சேர்த்தேன். காலையில் மஞ்சள் பேருந்து வந்து அவளை அள்ளிக்கொண்டு போகிறது, மாலையில் கொண்டுவந்து இறக்குகிறது. இடையில் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால், பாராட்டு நடக்கிறது. ஓயாத பாராட்டு. இவள் ஐந்து கால் வைத்துக் குதிரை வரைந்தால் பாராட்டுகிறார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டால், முயற்சி செய்தாளே என்று அதற்கொரு பாராட்டு. நாம் படித்த காலத்தில் வாத்தியார் எவனையாவது பாராட்டினால் அந்த வருடம் பனி சீக்கிரம் பெய்துவிடும் என்று பயந்தோம். இங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியை மிஸ் கார்லா இருக்கிறாரே, தங்கமான பெண்மணி, அவர் வாசற்கதவைத் திறந்தால் கதவையும் பாராட்டுவார். பாராட்டட்டும், அவர் பாடு. ஆனால் நம் வழக்கம் என்ன அண்ணா? விருந்தாளி ஒரு பொருளை நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால், அதை எடுத்துக் கையில் கொடுக்காதவன் மனிதனா? அப்பா அப்படியா நம்மை வளர்த்தார்?

என்னிடம் நீங்கள் விட்டிருந்த குதிரைக்கு நடைப்பயிற்சி கொடுத்துவிட்டுப் பெற்றோர் கூட்டத்துக்கு நேரே போனேன். கையில் சாட்டை. மிஸ் கார்லா அதன் வெள்ளிப் பிடியைத் தடவிப் பார்த்து "பியூட்டிஃபுல்" என்றார். பெகிமாய் மொழிபெயர்த்தாள். கொடுத்துவிட்டேன். மறுநாள் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் அவரோடு இன்னொரு அம்மாள், குழந்தைகள் மனநலம் பார்ப்பவராம், நம் பாஷை தெரிந்தவர். "வகுப்பு ஆசிரியைக்கு நீங்கள் ஏன் சாட்டை கொடுத்தீர்கள்? பிள்ளைகளை அடிக்கச் சொல்கிறீர்களா? வீட்டில் பெகிமாய் பயமில்லாமல் இருக்கிறாளா?" என்று அரைமணி நேர விசாரணை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தது நான். அடுத்த வாரம் புருல் தன் வெள்ளிக் காதணிகளோடு போனாள், மொட்டைக் காதோடு வந்தாள்.

"ஏங்க, அவங்க சும்மா பேச்சுக்குச் சொல்றாங்களாம். அமெரிக்காவுல அப்படித்தானாம்."

"பேச்சுக்குச் சொன்னாங்கன்னு நீ ஏன் கழட்டிக் குடுத்தே?"

"குடுக்காம வந்தா என் முகத்தை எங்க வச்சுக்கிறது?"

அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை. இனி பள்ளிக்குப் போனால் பழைய சட்டையும் கிழிந்த செருப்பும்தான் என்று முடிவு செய்தோம். அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, பள்ளியில் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். சாட்டையையும் காதணியையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுக்க மிஸ் கார்லாவே சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் விருந்தாளி. ஆடு அடித்தேன். கறியைப் பாராட்டினார், அது போகட்டும், தின்றால் தீர்ந்துவிடும். ஆனால் கம்பளத்தைப் பாராட்டினார். தேநீர்க் கெண்டியைப் பாராட்டினார். சுவர்க் கடிகாரத்தைப் பாராட்டினார், அது ஓடாத கடிகாரம் அண்ணா! ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டி அவர் வண்டியில் ஏற்றினோம். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நம்மூரிலும் முதல் மூன்று தடவை அப்படித்தானே சொல்வார்கள், நாங்கள் ஏற்றிக்கொண்டே இருந்தோம்.

பிறகு அவர் முற்றத்துக்கு இறங்கினார். உங்கள் சாம்பல் குதிரை லாயத்தில் நின்றது. மேலே உட்கார்ந்து தேநீர் குடித்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாத அந்த நடைக்குதிரை. அக்டோபர் இருபதாம் தேதி நடைப் பந்தயத்துக்காக நீங்கள் என்னை நம்பி விட்டுப்போன குதிரை. நான் ஓடிப்போய் லாயக் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். அது என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி எட்டிப்பார்த்தது. மிஸ் கார்லா மார்பில் கைவைத்து என்னவோ சொன்னார்.

"பெகிமாய், மொழிபெயர்க்காதே! எனக்குக் காது கேக்கலைன்னு சொல்லிடு!"

"பொய் சொல்லக் கூடாதுப்பா. குதிரை ரொம்ப அழகா இருக்காம். இவ்வளவு அழகான குதிரையை அவங்க பார்த்ததே இல்லையாம்."

அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். அந்தப் பள்ளியால் எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் பியூட்டிஃபுல்தான். அதை அந்த அம்மாள் மூன்று முறை சொன்னது தெருவுக்கே கேட்டது.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. அண்ணா, அந்த நேரத்தில் "இது என்னுடையதல்ல, அண்ணனுடையது" என்று சொன்னால் என்ன அர்த்தம்? என் அண்ணன் கொடுக்க மனமில்லாதவன் என்று அர்த்தம். உங்கள் பேரைக் காப்பாற்றத்தான் உங்கள் குதிரையைக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து ஓட்டமாக வண்டியேறிப் போய்விட்டார். திங்கட்கிழமை காலை நானே கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் கட்டினேன். காவலாளி வருகைப் பதிவேட்டில் "குதிரை, ஒன்று" என்று எழுதி, அதன் கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டினான். தலைமை ஆசிரியர் எனக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வருத்தப்படவில்லை.

இப்போது குதிரை அவர்களுடைய கால்பந்து மைதானத்தில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு முழுக்க அதை வைத்துத்தான் பாடமாம். அளக்கிறார்கள், எடை போடுகிறார்கள், குதிரையின் மனநிலை பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். பிடரியில் பதினான்கு சடை. ஆளுக்கொரு ஆப்பிளாக நாளைக்கு இருபத்திரண்டு ஆப்பிள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வயிறு பீப்பாய் மாதிரி ஆகிவிட்டது. பந்தயக் குதிரை அண்ணா அது! எனக்கு அழுகை வந்துவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நான் செத்ததற்குச் சமம்.

ஒரே வழிதான் இருக்கிறது. நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். கொடுத்தவன் நான், நீங்களில்லை. மைதானத்தில் நின்று மிஸ் கார்லா காதில் விழும்படி குதிரையைப் பாராட்டுங்கள். நம் வழக்கப்படி அவர் கொடுத்தே ஆகவேண்டும். அவருக்கு வழக்கம் தெரியாது என்பது ஒன்றுதான் இடைஞ்சல். அதற்காக, வகுப்பில் அதை நன்றாக விளங்கும்படி எடுத்துச் சொல்லச் சொல்லிப் பெகிமாயை இன்று அனுப்பியிருக்கிறேன். குதிரை உங்கள் கைக்கு வந்ததும் அவளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பாராட்டே தெரியாத ஒரு நல்ல பள்ளியில் சேர்த்துவிடுவேன்.

அண்ணிக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் மந்தை பெருகவும், முழங்கால் மடங்கவும், கோபம் வழியிலேயே தணியவும் ஆண்டவனை வேண்டும்,

தங்கள் தம்பி,
ஜூமாதில்

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். பெகிமாய் இன்று பேருந்தில் வரவில்லை. உங்கள் குதிரை மேல் வந்தாள்!

"வழக்கத்தை விளக்கிச் சொன்னேன்ப்பா, மிஸ்ஸுக்குச் சரியாப் புரியல. எங்க ஸ்கூல்ல எதையும் செஞ்சு காட்டித்தான் சொல்லிக்குடுக்கணும். அதனால எல்லார் முன்னாடியும் குதிரையை நான் பாராட்டினேன். உடனே அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு, கயித்தை என் கையில குடுத்துட்டாங்க. ஹெட்மாஸ்டர் கை தட்டினார்."

நான் அவளை அள்ளி முத்தமிட்டு, "சரிடா கண்ணு, பெரியப்பா வந்ததும் குடுத்துடலாம்" என்றேன்.

"ஏன் குடுக்கணும்? பெரியப்பா உங்ககிட்ட குடுத்தாங்க, நீங்க மிஸ்கிட்ட குடுத்தீங்க, மிஸ் எனக்குக் குடுத்தாங்க. குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறது அசிங்கம்னு நீங்கதானே சொன்னீங்க?"

வேறு வழியில்லாமல் முற்றத்தில் நின்று, தொண்டையைச் செருமி, "ஆகா! என்ன அருமையான குதிரை!" என்று மகளைப் பார்த்துச் சொன்னேன். மூன்று முறை சொன்னேன். புருலும் வந்து இரண்டு முறை சொன்னாள். பெகிமாய் பிடரியைச் சீவிக்கொண்டே, "தேங்க்யூ அப்பா, தேங்க்யூ அம்மா" என்றாள். யாராவது பாராட்டினால் அதைச் சொன்னால் போதுமாம், பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.