கல்யாணத்துக்கு நாற்பதடி மேலே

மேலிருந்து எடுத்தால் எதுவும் கலையாகிவிடும் என்று முழு மனதாக நம்பிய முட்டாள் நான். ஃபிலிம் சொசைட்டியில் பல வருஷம் பின்வரிசையில் உட்கார்ந்ததைத் தவிர (அதிலும் பாதி தூக்கம்) சினிமாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இப்போதெல்லாம் கதாநாயகன் பால் பாக்கெட் வாங்கப் போனாலும், கேமரா ஆகாயத்துக்கு ஏறி ஊர், ஆறு, தென்னை எல்லாம் காட்டிய பிறகுதான் அவனைக் கடைக்குள் விடுகிறது. பார்த்துப் பார்த்து எனக்கு அலுப்பு வந்திருக்க வேண்டும். ஆசை வந்தது.

அக்கா பெண் ரம்யாவின் கல்யாணம் மட்டாஞ்சேரியில். ஆலுவாவிலிருந்து வந்த வீடியோக்காரரிடம் ட்ரோன் கேட்டேன்.

"பக்கத்துல நேவியாக்கும், சாரே. பறத்தினா கல்யாணம் இங்கே, நம்ம ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல."

விடுவேனா? பள்ளுருத்தியில் விளம்பரப் பலகை மாட்டுகிறவர்களின் தூக்கு வண்டி ஒன்றை, ஓட்டுநர் ஷாஜியோடு வாடகைக்குப் பிடித்தேன்.

மண்டப முற்றத்தில் மாலை மாற்றல். எங்கள் பாலக்காட்டு வழக்கப்படி பெண்ணையும் பிள்ளையையும் அவரவர் தாய்மாமன் தோளில் தூக்க வேண்டும். ரம்யாவுக்கு ஒரே மாமன். அவன் அந்த நேரத்தில் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடியோக்காரரின் கேமராவோடு வண்டியின் இரும்புக் கூடைக்குள் ஏறிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மினிட்டு, ஷாஜி. பின்னே இறக்கணும்."

"சரி சாரே." என்னை நாற்பதடி உயர்த்தி, வண்டியை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஷாஜி பந்திக்குச் சாயா குடிக்கப் போனார்.

மேலிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முகம் கிடையாது என்பது அங்கே போனதும்தான் தெரிந்தது. குடை, வழுக்கை, வகிடு. சொந்த அக்காவையே புடவை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். வாத்தியார் முகூர்த்தம் தவறுகிறது என்று அவசரப்படுத்த, பிள்ளையின் மாமா பிள்ளையைத் தூக்கியே விட்டார். ஆஜானுபாகுவான பிள்ளை. மாமாவின் கால் நடுங்குவது அந்த உயரத்துக்கும் தெரிந்தது.

போன் அடித்தது. அக்கா.

"டேய், எங்கடா இருக்காய்?"

"மேலே பாரு."

பார்த்தாள். "ஈசுவரா! அங்கே என்ன பண்றாய்? எறங்குடா!"

"சாவி ஷாஜிகிட்டே. பந்தியில இருப்பார். தடியா, நீலச் சட்டை. சீக்கிரம் இழுத்துண்டு வா!"

இழுத்துக்கொண்டுதான் வந்தாள். முற்றம் வரை. அங்கே தள்ளாடும் சம்பந்தி மாமாவைப் பார்த்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்தாள். ஷாஜியின் தோளைப் பார்த்தாள். முடிவெடுத்துவிட்டாள்.

"சாவி! சாவி!" என்று கத்தினேன். நாதஸ்வரத்தில் யாருக்குக் கேட்கும்? நான் டைரக்ட் செய்கிறேன் என்று நினைத்துச் சிலர் மேலே பார்த்துக் கையசைத்தார்கள். (என் படத்தில் முகம் தெரியும் ஒரே இடம் அதுதான்.) கூடைக்குள் நான் கூண்டுப் புலி மாதிரி சுற்றிச்சுற்றி வர, கீழே பலகை தூக்கிப் பழகிய தோளில் ரம்யா ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். ஷாஜி குனிந்தார், விலகினார், பிள்ளை போட வந்த மாலையை இரண்டு முறை ஏமாற்றினார். கூட்டம் கூரை அதிர ஆரவாரித்தது. கூரை இல்லாத முற்றத்தில்!

இன்றும் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் 'ஷாஜி மாமா'வுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்கிறார்கள். எனக்கு வாட்ஸ்அப்.

வீடியோ வந்த அன்று, வகிடுகளும் வழுக்கைகளும் ஓடி முடிந்ததும், ரம்யாவிடம் சொன்னேன்: "உன்னைத் தூக்க எனக்குக் குடுத்து வைக்கலை, கண்ணா."

"விடு மாமா," என்றாள். "நீ தூக்கியிருந்தா என் கையில போனைத் திணிச்சு, அங்கேர்ந்து ஒரு டாப் ஷாட் எடுடீன்னு சொல்லியிருப்பாய்."