குதிரை வண்டியில் விமானக் கம்பெனி நடத்திய மீனம்பாக்கம்

விமானத்தில் ஒரு முறைகூட ஏறாமல் விமானக் கம்பெனி நடத்திய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆம்பூரில் இருந்தார். அவர் என் வாழ்க்கையில் குறுக்கிட்டபோது நான் வாணியம்பாடியை விட்டு நடந்துகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். வாணியம்பாடியில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. குழியில் ஊறுவது ஆட்டுத் தோல்தான் என்றாலும், சுண்ணாம்புக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. என் கைத் தோலும் உரிய ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஊர் ஊராக வேலை பார்த்தவன் நான். ஒரு ஊரிலிருந்து கிளம்புவது எனக்குப் பெரிய விஷயமில்லை. கையில் ஒரு பை, காலில் ஒரு ஜோடி அறுந்த செருப்பு, மேலே நல்ல வெயில்.

மின்னூர் தாண்டும்போது பின்னால் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. உள்ளே கூடைகளோடு இரண்டு கிழவிகள். வண்டியின் பின்பக்கம், வெள்ளை முழுக்கைச் சட்டையும் கறுப்பு டையும் அணிந்த ஒருவர் தொற்றிக்கொண்டு நின்றார். அந்த வெயிலில் டை கட்டிய மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தம்பி, நீ எத்தன கிலோ?"

"தெரியாதுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐம்பத்தொண்ணு. கூடை ஜாஸ்தி, வண்டி வாலு கனமாயிடுச்சு. முன்னாடி ஏறி உக்காரு. காசு வேணாம்."

ஏறினேன். முன்னால் போய் உட்கார்ந்ததும் வண்டி நேரானது. அவர் ஒரு தோல் வாரை என் இடுப்பைச் சுற்றிக் கட்டி பக்கிள் மாட்டினார். பிறகு ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்.

"இன்னாத்துக்குங்க இது?"

"மேல போறப்போ காது அடைக்கும். அதுக்கு."

வண்டிக்காரர் கோவிந்தன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வாயில போட்டுக்கோபா. எத்தன கேள்வி கேட்டாலும் இந்த மீனம்பாக்கத்துகிட்ட பதிலு இருக்கும்."

அப்படித்தான் எனக்கு அவர் அறிமுகமானார். அவருடைய சொந்தப் பெயர் ஆம்பூரில் யாருக்கும் நினைவில்லை. அவரிடம் பேசும்போது 'பாய்' என்பார்கள், அவரைப் பற்றிப் பேசும்போது 'மீனம்பாக்கம்' என்பார்கள். ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க் வேலை. தோல் சாம்பிள்களைக் கட்டி மெட்ராஸ் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அனுப்பி அனுப்பி, அவை போகிற வழியெல்லாம் தெரிந்துகொள்ளும் ஆசை வந்து, ஒரு பல்கலைக்கழகத்தில் விமானப் போக்குவரத்து நிர்வாகப் படிப்பில் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. ஒரு விமானத்தில் எத்தனை பேரை ஏற்றலாம், யாரை எங்கே உட்காரவைக்கலாம், தரையில் எவ்வளவு நேரம் நிறுத்தலாம், வராமல் போகிறவர்களை எண்ணி எத்தனை டிக்கெட் அதிகமாக விற்கலாம் என்பதெல்லாம் பாடம்.

எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் பாஸ். கடைசியில் பேராசிரியர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் தேர்வில் மட்டும் இரண்டு முறை ஃபெயில். "படிச்சதெல்லாம் சரி, எதையாவது நடத்திப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்களாம். மற்ற மாணவர்கள் விமானக் கம்பெனிகளில் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது வாய்ப்புதான் கடைசி. அதிலும் போனால், பதனிடாத தோல் நாறும் மாமாவின் பச்சைத் தோல் மண்டியில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். பாஸ் பண்ணினால் மெட்ராஸில் ஒரு சரக்கு விமான அலுவலகத்தில் வேலை காத்திருந்தது.

ஆகவே அவர் ஆம்பூர் பஜாரில் நின்ற மூன்று குதிரை வண்டிகளை எடுத்து ஒரு விமானக் கம்பெனியாக மாற்றிவிட்டார். அதைப் பார்க்க மறுநாள் பேராசிரியர் மெட்ராஸிலிருந்து வருகிறார். நான் ஏறியது ஒத்திகை வண்டி.

கம்பெனியின் வரலாற்றைக் கோவிந்தன் வழியெல்லாம் சொன்னார். தரையில் நிற்கிற விமானம் சம்பாதிக்காது என்று படித்துவிட்டு, குதிரையை ஓயவிடாமல் ஓட்டச் சொன்னாராம். மூன்றாம் நாள் குதிரை புதுப்பேட்டை ரோட்டில் நடுவில் படுத்துவிட்டது. "'பிளேனு புல்லு துன்னுமா பாய், இது துன்னும்'னு சொன்னேன்பா. அதுலருந்து மதியம் இதுக்கு மெயின்டனன்ஸ்."

பயணிகளை எடை போட, கம்பெனியிலிருந்து பழைய தோல் தராசு ஒன்றை வாங்கி வந்து வண்டி நிற்கும் இடத்தில் மாட்டினார். மீன் கூடைக்காரி ஒருத்தியை அதில் உட்காரச் சொல்லியிருக்கிறார். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "என்னை இன்னா ஆட்டுத்தோலுனு நெனச்சியா? உப்பு போட்டு மடிச்சி வெப்பியா?" என்று கேட்ட கேள்வியில் பஜாரே கூடிவிட்டது. அன்றிலிருந்து பெண்களை எடை போடுவதில்லை. தோல் தரம் பார்க்கிறவர் பார்ப்பது போலத் தூரத்திலிருந்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், கணக்கு வந்துவிடும்.

டிக்கெட்டுக்குப் பதில் ஓட்டை போட்ட தோல் துண்டு. ஒரு வண்டிக்கு ஐந்து பேர் என்றால் ஆறு துண்டு கொடுப்பார். "யாரோ ஒருத்தர் வர மாட்டாங்க. அது கணக்கு," என்பார். எல்லோரும் வந்துவிட்டால், கடைசியாக வந்தவர் கீழே. அவருக்குக் கம்பெனிச் செலவில் பிரியாணி, அடுத்த வண்டியில் இடம். இந்தக் கணக்கு அதுவரை தவறியதில்லை. தவறினால் பரவாயில்லை என்று பிரியாணிக்காகவே கடைசியாக வரப் பார்த்தவர்களும் உண்டு.

அன்று இரவு என்னைத் தன் அறையிலேயே படுக்கச் சொன்னார். "நாளைக்கு முன் சீட்டுக்கு உன் வெயிட் தேவைப்படும் தம்பி."

மறுநாள் பேராசிரியர் வந்தார். நரைத்த மீசை, அதிகம் பேசாத மனிதர். காலை முழுவதும் வண்டிகளையும் தராசையும் பார்த்தார். தானும் தராசில் உட்கார்ந்தார். பெப்பர்மிண்டை வாயில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியான ரயிலுக்கு வண்டியிலேயே ஸ்டேஷன் போய், அத்தோடு மார்க் போடுவதாக ஏற்பாடு. அவரிடமும் ஒரு தோல் துண்டு.

ஒரு வண்டி ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றின் குதிரைக்கு லாடம் கழன்றிருந்தது. கோவிந்தன் வண்டி மட்டும் நின்றது. முன்னால் நான். நடுவில் இரண்டு தோல் தரகர்கள். பின்னால் பேராசிரியரும், அரபு நாட்டுக்கு முதல் முறையாக வேலைக்குப் போகிற ஒரு இளைஞனும். எல்லோருக்கும் வார் மாட்டியாயிற்று. கோவிந்தன் சாட்டையை எடுத்தார்.

அப்போது தெருமுனையிலிருந்து அந்த இளைஞனின் அம்மா ஓடி வந்தார். கையில் காசு முடிந்த துணி. பயணம் போகிறவரின் கையில் அதைக் கட்டி வழியனுப்புவது ஆம்பூர் முஸ்லிம் வீடுகளில் வழக்கம். ரயிலடியில் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, கிளம்புகிற அவசரத்தில் வீட்டிலேயே வைத்துவிட்டு, எடுக்கப் போயிருக்கிறார். இன்னொரு கையில் ஆறாவது தோல் துண்டு.

"பேட்டா, நான் வந்துட்டேன்!"

மீனம்பாக்கத்தின் கணக்கு, பேராசிரியர் கண்ணெதிரிலேயே தவறிவிட்டது.

கோவிந்தன் மெதுவாகச் சொன்னார்: "கடைசியா வந்தது அவங்கதான். நீ போட்ட ரூலு பாய். கெளம்பட்டுமா?"

மீனம்பாக்கம் வியர்வையைத் துடைத்தார். "யாராவது மனசா எறங்கறீங்களா? பிரியாணி நம்ம செலவு."

தரகர்கள் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் வாரை அவிழ்த்தேன். கோவிந்தன் என் தோளை அமுக்கினார்.

"நீ உக்காருப்பா! நீ எறங்கினா வண்டி மல்லாந்துடும். பின்னால இருந்துதான் ஒருத்தர் எறங்கணும்."

பின்னால் இருந்தது இரண்டே பேர். ஒருவன் அந்த அம்மாவின் மகன்.

மீனம்பாக்கம் டையை நேராக்கினார்.

"சார், நீங்க எறங்கிக்குங்க. உங்களுக்குச் சாயந்திரம் இன்னொரு ரயிலு இருக்குது. இவங்களுக்கு இல்ல."

கோவிந்தன் சாட்டையை இறக்கினார். தலையில் அடித்துக்கொண்டார்: "பரிட்சையவே எறக்கி வுட்டுட்டியே பாய்!"

பேராசிரியர் வாரைக் கழற்றிவிட்டு இறங்கினார். அம்மா ஏறினார். வண்டி புறப்பட்டது. நான் முன் சீட்டில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பேராசிரியரும் மீனம்பாக்கமும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். வழியெல்லாம் அந்த அம்மா மகனின் கையை விடவில்லை. மீனம்பாக்கம் ஃபெயிலானால் போய் உட்கார வேண்டிய பச்சைத் தோல் மண்டியின் வாசனை மட்டும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. ரயிலடியில் அந்த அம்மா மகன் கையில் துணியைக் கட்டிவிட்டதும் கோவிந்தன் வண்டியைத் திருப்பினார். குதிரை மெயின்டனன்ஸ் நேரத்தை மறந்து ஓடியது.

பிரியாணிக் கடையில் இருந்தார்கள். பேராசிரியர் முன்னால் இரண்டாவது பிளேட். மீனம்பாக்கம் தன் பிளேட்டில் கை வைக்கவே இல்லை.

"கடைசியா வந்தவங்களை இறக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"ஏன் செய்யல?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற மீனம்பாக்கம் பிளேட்டைத் தள்ளிவைத்தார். "தெரியல சார். அந்தம்மா மூஞ்சப் பாத்தேன். ரூலு ஞாபகம் இருந்தது. ஆனா வாயி வேற சொல்லிடுச்சு. ஃபெயில் போடுங்க சார், பேஜார் இல்ல."

பேராசிரியர் எலும்பை ஓரமாக வைத்தார். "ஏர்போர்ட்டுக்கு நான் எப்பவுமே லேட்டா போறவன். ரெண்டு தடவ என்னை விட்டுட்டுப் போயிருக்காங்க. கவுண்டர்ல உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்கு நல்லது." விரலை நக்கிவிட்டுச் சொன்னார்: "பாஸ். ஆனா அடுத்த தடவ ஆறு டிக்கெட் விக்காதீங்க. சாப்பிடுங்க, ஆறிடும்."

மீனம்பாக்கம் சாப்பிடவில்லை. எழுந்து கடை வாசலுக்குப் போய், குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முதுகு குலுங்கியது. "அழுவறியா பாய்?" என்று கோவிந்தன் கேட்டதற்கு, "காது அடைக்குது," என்றார். அப்புறம் உள்ளே வந்து மூன்று பிளேட் சாப்பிட்டார். எனக்கும் அன்றுதான் வாணியம்பாடியை விட்டபின் வயிறு நிறைந்தது.

மெட்ராஸ் வேலைக்குப் போக அவருக்கு இன்னும் சில மாதம் இருந்தது. மறுநாள் காலை என்னைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கழுத்தில் தன்னுடைய இன்னொரு டையைக் கட்டிவிட்டு, பயணிகளை வண்டியில் உட்காரவைக்கும் வேலையைக் கொடுத்தார். எந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அடுத்த ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்று விசாரித்துவைப்பது என் வழக்கம். அன்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.