வெறும் பாத்தி

கூட்டெரு போட்ட பாத்தியில் போஞ்சிக் கொடி பாதிக் கம்பைத் தாண்டவில்லை. பக்கத்து யூரியாப் பாத்தியில் கொடி நுனியைப் பிடித்துவிட்டது. கறுப்பையா இரண்டையும் முழம் போட்டு அளந்து பார்த்தார்.

ஹேவாஹெட்டயில் அவருடைய தோட்டத்தில் மூன்று பாத்தி பிரித்துப் பலகை நட்டவர் விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர் நபீல். ஒன்றுக்கு இலைகுழை மக்கிய கூட்டெரு. ஒன்றுக்கு யூரியா. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் போடாத வெறும் பாத்தி. சொன்னபடி செய்தால் தண்ணீர் மோட்டார் இனாம். ஓடையிலிருந்து வாளி தூக்கி இடுப்பு ஒடிந்த மனுஷன் உடனே தலையாட்டியிருந்தார்.

"சொன்னபடி செஞ்சா மோட்டாராம்! யாரு நம்புறது? கந்தோர்ல புகழுறது கூட்டெருவத்தான். அது ஜெயிச்சாத்தான் குடுப்பானுங்க."

"ஒங்களுக்குத் தெரியாதது என்னா இருக்கு," என்று மனைவி சுந்தரி மீன் சட்டியோடு வெளியே போனாள்.

மறுநாள் கூட்டெருப் பாத்தியில் இரண்டு பிடி யூரியா விழுந்தது. பத்தே நாளில் இலை வெற்றிலை அளவு. பூ மட்டும் இல்லை.

இப்போது யூரியாப் பாத்தி இளைத்துத் தெரிந்தது. சார் சந்தேகப்படுவாரே! அதற்கும் மூன்று பிடி போட்டார். இலை ஓரம் கருகியது. கருகலை ஆற்ற வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். வேர் அழுகியது.

"என்னாங்க, மஞ்சளா நிக்குது?"

"பழுக்குது. போ உள்ள."

வெறும் பாத்தியை அவர் எட்டியும் பார்க்கவில்லை. ஒன்றும் போடாததில் பார்க்க என்ன இருக்கிறது?

நபீல் வந்தார். இரண்டு பாத்தியையும் பார்த்து நெற்றியைத் தடவினார்.

"ஐயா, சொன்ன அளவுதானே போட்டீங்க?"

"மாரியம்மா மேல சத்தியம் சார்."

நபீல் மூன்றாவது பாத்திக்குப் போய் அப்படியே நின்றுவிட்டார். கொத்துக் கொத்தாகக் காய்.

"யா அல்லாஹ்! இதுக்கு ஒண்டும் போடல்லியே?"

"இதத் தொட்டிருந்தா என் கை அழுகட்டும்!" கறுப்பையா நிமிர்ந்து நின்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

"அப்ப ஒங்கட மண்தான் ஐயா மண்! பசளையே தேவல்ல. பெரிய கந்தோருக்கு எழுதுறன். மோட்டார் ஒங்களுக்குத்தான்."

நபீல் பேனையை எடுத்தார். கறுப்பையாவுக்கு இடுப்பு வலி பாதி போய்விட்டது.

சுந்தரி தேத்தண்ணியை நீட்டினாள்.

"நல்லா எழுதுங்க சார். ரெண்டுக்கும் சோறு போட்டுட்டு இத மட்டும் பட்டினி போட்டா பாவமில்லியா? மீன் கழுவுன தண்ணியில ஆட்டுப் புழுக்கையக் கரைச்சு, நான்தான் தெனமும் ஊத்துனேன்."