வெறும் தொடர்

'ஆவணத் தொடர்' என்ற சொல் பிறந்த பிறகுதான் தொலைக்காட்சிப் பெட்டிக்கே மானம் மரியாதை வந்தது. இப்படி அறிவித்தவர் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் தமிழாக்கப் பிரிவுத் தலைவர். கேட்டது அவர் மனைவி. அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் தொடர், இதுவும் தொடர். என்னங்க வித்தியாசம்?"

தலைவர் வழக்கம்போல் சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "இது கட்டுக்கதை. வெறும் தொடர். ஆவணத் தொடர்ல நடந்தது மட்டுந்தான் வரும். ஒருத்தரும் நடிக்க மாட்டாங்க."

"நேத்து உங்க தொடர்ல சிங்கம் மானைத் துரத்துறப்போ வயலின் வாசிச்சாங்களே. அது காட்டுல வாசிச்சதா?"

தலைவருக்குச் சுருக்கென்றது. வாயால் சொன்னால் இவளுக்கு ஏறாது என்று, மறுநாளே நிலையத்துக் கேமராமேனை வீட்டுக்கு அழைத்துவந்தார். 'ஒரு வீட்டின் மாலை', ஆவணத் தொடர், முதல் பகுதி.

"நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க மேடம்," என்றார் கேமராமேன்.

அவள் டீ கொண்டுவந்தாள். தலைவர் நிமிராமல் வாங்கிக்கொண்டார்.

"சார், ஏதாவது பேசினா நல்லாருக்கும்."

தலைவர் ஒரு வாய் குடித்தார். "உன் கை டீ மாதிரி வராதும்மா. நாள் முழுக்க இதுக்காகத்தான் காத்துக்கிடக்கேன்."

அவள் தட்டோடு நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து டீயைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சத்தம் சரியா விழல சார். இன்னொரு தடவை."

சொன்னார். அட்சரம் பிசகாமல், அதே இடத்தில் அதே பெருமூச்சோடு.

கேமராமேன் போனதும் அவள் கேட்டாள். "அது நடந்ததா, நடிச்சதா?"

'நடந்தது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொற்பொருள் விஷயத்தில் விட்டுக்கொடுப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. "கறாராச் சொன்னா, காட்சிக்காகச் சொன்னது."

காலையில் அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல் தேடித் தருகிறவருக்கு மன்னிப்புக் கேட்க ஒரு சொல் அகப்படவில்லை. பேச்சைத் தொடங்க ஒரு சாக்காவது கிடைக்கட்டுமே என்று அவளுடைய சீரியலைப் போட்டார். மருமகளுக்கு நினைவு தப்பியது. மாமியார் திருந்தினாள். ஒரு வாரத்தில் மருமகளுக்கு நினைவு திரும்பியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவள் இடத்தைக் காலியாக விட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தபடி, சீரியலின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மச்சினியைக் கூப்பிட்டார்.

"அக்காகிட்ட சொல்லும்மா, அந்த மருமகளுக்கு நினைவு திரும்பிடுச்சு. நடுவுல விட்டிருந்தா நான் கதை சொல்றேன்னு சொல்லு."

மச்சினி குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா இங்க சீரியலே பாக்குறதில்ல அத்தான். அங்கயும் கதைக்காகப் போடலையாம். அதைப் போட்டாத்தான், கேலி பண்றதுக்காவது நீங்க பக்கத்துல வந்து உக்காருவீங்களாம்."