அரசர் ஒருவரே காவல் காத்த கட்டம்

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது என்று எந்த நீதிக்கதையும் தொடங்குவதில்லை. சிங்கத்துக்கு ஓர் அரியணை உண்டு. நரிக்கு ஒரு திராட்சைக்கொடி உண்டு. காக்கைக்கு ஒரு வடை உண்டு. முயலுக்கும் ஆமைக்கும் ஒரு பந்தயமே உண்டு. உடும்புக்கு வாய்த்தவை இரண்டு: கோட்டைச் சுவர் ஏறும் திருடன் அதன் இடுப்பில் கட்டிய கயிறும், செத்த பிறகு கஞ்சிராவின் வாயில் தோலாக இழுத்துக் கட்டப்படும் பேறும். அந்த உடும்பு ஆணா பெண்ணா என்று திருடனும் கேட்டதில்லை, வித்துவானும் கேட்டதில்லை. ஆகவே நான் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்டில் ஒரு பெண் உடும்பு இருந்தாள். பெயர் சிலம்பாயி.

அவள் வயிற்றில் இருபத்திரண்டு முட்டைகள் இருந்தன. மழைக்கு இருபது நாள் இருந்தது.

உடும்பு முட்டையிட நீர் ஏறாத மேட்டில் ஒரு கரையான் புற்று வேண்டும். இல்லையென்றால் ஆழமாகக் கிளறிய மண் வேண்டும். சென்ற ஆண்டு இரண்டும் கிடைக்காமல் ஓடைக்கரையில் இட்டாள். முட்டைகள் ஒவ்வொன்றாக மிதந்து போனதை ஒரு மருதமரக் கிளையிலிருந்து பார்த்தாள். இந்த ஆண்டு மேட்டில்தான் இடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மேட்டு நிலம் முழுவதும் நரியின் பொறுப்பில் இருந்தது. அனுமதியின்றி ஒரு நகம் அளவு மண்ணைக் கிளறினாலும் குற்றம். புற்றுகள் எல்லாம் பாம்புகளின் பரம்பரைச் சொத்து என்று பதிவாகியிருந்தன. எந்தப் பாம்பும் எந்தப் புற்றையும் கட்டியதில்லை என்பது மட்டும் எங்கும் பதிவாகவில்லை. மிச்சம் ஒரே ஒரு புற்று இருந்தது. அது விளையாட்டு ஒதுக்கீட்டில் இருந்தது.

"அப்படின்னா என்னங்க ஐயா?" என்றாள் சிலம்பாயி. வரிசையில் நின்று நின்று அவள் வால் மரத்துப் போயிருந்தது.

"சதுரங்கப் போட்டியில ஜெயிச்ச சான்றிதழ் இருந்தா அந்தப் புத்து உனக்கு," என்றது நரி, தலையை நிமிர்த்தாமல்.

"சதுரங்கத்துக்கும் புத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஓட்டத்துக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு தடவை ஓடுச்சு. குளத்தங்கரையில மூணு தலைமுறையா குடியிருக்கு. கேள்வி கேக்காம படிவத்தை நிரப்பும்மா. அடுத்தது யாரு?"

படிவத்தில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. ஒன்பதாம் வரி இது: 'போட்டியாளரின் பலவீனம் யாது? (மறைத்தல் குற்றம்.)' பயிற்சி உதவிக்காகக் கேட்கப்படுவதாக அடியில் சிறிய எழுத்தில் குறித்திருந்தது. படிவங்கள் நேராகச் சிங்க அரசரின் குகைக்குப் போகும் என்பதும், இறுதிப் போட்டியில் அரசரே ஆடுவார் என்பதும் காடறிந்த செய்தி. எனவே யாரும் ஒன்பதாம் வரியில் உண்மை எழுதுவதில்லை. எல்லாரும் ஏதேனும் ஒரு பெருமையைப் பலவீனம் என்று எழுதினார்கள்.

அவளுக்கு முன்னால் நின்ற மயில் தன் படிவத்தைக் காற்றில் ஆட்டி மையை உலர்த்தியது. "நான் 'மிகையான அழகு'ன்னு எழுதிட்டேன். காட்டுப்பன்னி 'அளவுக்கு மீறிய உழைப்பு'ன்னு எழுதியிருக்கு. நீ என்ன எழுதுன? காட்டு, காட்டு."

'பிடித்ததை விடமாட்டேன்' என்று அவள் எழுதியிருந்தாள்.

"அடி அசடே!" என்றது மயில். "நெசத்தையா எழுதி வெப்பாங்க?"

"கேட்டிருந்தாங்க. எழுதினேன்."

"கேட்டா எழுதிருவியா? உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டு... சரி, முதல் சுற்று என்கூடத்தான். அழாத."

சிலம்பாயி அழவில்லை. வரிசை நீளமாக இருந்ததால் எல்லாருடைய படிவத்தையும் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். பெருமையாக எழுதப்பட்ட ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எழுதாமல் விட்ட வரி ஒன்று இருந்தது. அழகு என்று எழுதியவர் பார்வையாளர்களுக்காக ஆடுவார். முதல் சுற்றில் மயில் இரண்டாம் நகர்விலேயே தன் ராணியை நடுக்களத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கூட்டம் பார்க்கிறதா என்று திரும்பிப் பார்த்தது. ஆறாம் நகர்வில் ராணி இல்லை. உழைப்பு என்று எழுதியவர் நிற்கத் தெரியாதவர். அடுத்த சுற்றில் காட்டுப்பன்றி தன் சிப்பாய்கள் எல்லாரையும் முன்னே முன்னே விரட்டியது. சிப்பாய்க்குப் பின்னோக்கி நடக்கும் உரிமை கிடையாது. அவன் விட்டுப்போன இடம் விட்டதுதான். அந்த இடங்களின் வழியாகச் சிலம்பாயியின் குதிரை உள்ளே போயிற்று.

"இது போங்காட்டம்," என்றது பன்றி.

"எதுங்க போங்கு?"

"நான் முன்னாடி போயிக்கிட்டிருக்கேன். நீ பின்னாடி வர்ற."

இப்படியாக அவள் இறுதிப் போட்டிக்கு வந்தாள்.

அரசர் பதினோர் ஆண்டுகளாகத் தோற்றதில்லை. இந்தப் பெருமைக்குக் காரணம் எளியது. எதிரே அமர்ந்தவர்கள் அனைவரும் முதல் நகர்வுக்கு முன்பே அவருக்கு வாழ்த்துத் தெரிவித்துவிட்டு எழுந்து போனார்கள். பலகை அரசரின் குகைக்கு எதிரே, காட்டிலேயே உயரமான மேட்டில், தரையில் வரைந்தது. சுண்ணாம்பும் செம்மண்ணுமாக அறுபத்து நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பன்றி கால் நீட்டிப் படுக்கலாம். மரக்காய்களைக் குரங்குகள் தூக்கி வைத்தன.

போட்டிக்கு முதல்நாள் சிலம்பாயி அந்தப் பலகையை ஏழு முறை சுற்றி வந்தாள். யார் யாரைக் காக்கிறார்கள் என்று எண்ணினாள். எல்லாரும் அரசரைக் காத்தார்கள். அரசருக்கு வலப்புறம், ஓரடி முன்னே ஒரு சிப்பாய் நின்றான். அவனுக்கு நேர் பின்னால் மந்திரி நின்றார். மந்திரி எப்போதும் குறுக்கே மட்டுமே பார்ப்பார், தமக்கு முன்னால் நிற்பவன் அவர் கண்ணில் படமாட்டான். குதிரை அவனைத் தாண்டிப் போகும். மூலையிலிருந்த யானைக்கு அவன் இருப்பதே தெரியாது. ராணியின் கை அவ்வளவு தூரம் எட்டாது. அந்தச் சிப்பாயை அரசர் ஒருவரே காக்க வேண்டும். அரசர்கள் அப்படிப்பட்ட வேலைக்குப் பழகியவர்கள் அல்லர்.

அதே மாலையில் நரி குகைக்குள் அவளுடைய படிவத்தை வாசித்துக் காட்டியது.

"மகாராஜா, பிடிச்சதை விடமாட்டாளாம். அவளே எழுதிக் குடுத்திருக்கா. ஓரத்துச் சிப்பாயை முன்னாடி நகர்த்தி வெச்சிருங்க. உடும்பு ராணியோட ஓடி வந்து கவ்வும். மூலையில நம்ம யானை காத்திருக்கு. ராணி காலி."

"கவ்வலைன்னா?" என்றார் அரசர்.

"கவ்வாம இருக்குமா? அது உடும்புங்க."

மறுநாள் அரசர் தமக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அவளும் அப்படியே நகர்த்தினாள். அரசர் இடது ஓரச் சிப்பாயை நகர்த்தினார். அவள் தன் மந்திரியைக் குறுக்கே வெளியே கொண்டுவந்தாள். அரசர் வலது ஓரச் சிப்பாயை, அதாவது இரையை, முன்னே வைத்தார். அவள் ராணியை இரண்டு கட்டம் குறுக்கே நகர்த்தினாள். இப்போது ராணியின் பார்வை நேராக இரையின் மேல் விழுந்தது. நரி மீசையை நக்கிக்கொண்டது. அவள் கவ்வட்டும் என்று அரசர் பெருந்தன்மையோடு இடது ஓரச் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளினார்.

உடும்பு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். அவள் நேற்றே பிடித்துவிட்டிருந்தாள். அவளுடைய ராணி, அரசர் ஒருவரே காத்த அந்த வலப்பக்கத்துச் சிப்பாயை வெட்டி அங்கேயே நின்றாள். ராணியை அரசர் தொட முடியாதபடி தொலைவிலிருந்து அவளுடைய மந்திரி காத்தார். அரசர் நகர இடமில்லை. நான்கே நகர்வு.

குரங்குகள் மரத்தைப் பார்த்தன. மயில் முதன்முறையாகத் தோகையை மடக்கியது.

"அந்தக் கட்டம் யார் பொறுப்பு?" என்றார் அரசர்.

அது மகாராஜாவின் பொறுப்பு என்று சொல்லும் அளவுக்கு அங்கே யாரும் படிக்கவில்லை. நரி மட்டும் முன்னே வந்தது. "மகாராஜா தோக்கலை. கட்டம்தான் கடமை தவறிருச்சு."

அன்றே அந்தக் கட்டம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டது. விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நரி, உறுப்பினர் நரி, ஆணையத்துக்குத் தேவையான ஆவணங்களை வழங்க வேண்டிய அதிகாரியும் நரி. கட்டத்துக்கு அடியில் சதி இருக்கிறதா என்று நான்கு முழ ஆழம் தோண்டினார்கள். மண்ணைச் சலித்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றுமே அகப்படாதது சந்தேகத்தை வலுப்படுத்தியது. மண்ணைத் திரும்ப நிரப்பி, சுற்றிலும் முள்வேலி அடைத்து, சாட்சியம் மழையில் நனையக்கூடாது என்று பனையோலைக் கூரையும் போட்டார்கள். கட்டம் தப்பி ஓடாமலிருக்க ஒரு கழுதைப்புலி இரவும் பகலும் காவல் நின்றது.

மழைக்கு இரண்டு நாள் இருந்தபோது சிலம்பாயி நரியிடம் போனாள்.

"சான்றிதழ் குடுங்க ஐயா. வயிறு இறங்கிருச்சு."

"ஆட்டமே விசாரணையில இருக்கு. முடியாம சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாம புத்து கிடையாது."

"எப்ப முடியும்?"

"அதை விசாரிச்சாத்தான் தெரியும்."

அவள் நரியைப் பார்த்தாள். பிறகு, அதன் தோளுக்கு மேலாக, வேலியைப் பார்த்தாள். உயரமான மேடு. நான்கு முழம் கிளறிச் சலித்த மண். நனையாத கூரை. பாம்பும் கீரியும் நெருங்க முடியாத காவல். அவற்றையும் எண்ணினாள்.

"ஐயா, நான் ஒரு வாக்குமூலம் குடுக்கணும்," என்றாள்.

நரியின் காதுகள் நிமிர்ந்தன. "குத்தத்தை ஒத்துக்கிறியா?"

"நடந்த இடத்துல வெச்சுத்தான் வரும். தனியா இருக்கணும். பக்கத்துல ஆள் இருந்தா வராது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மொத்தம் இருபத்திரண்டு இருக்குங்க. ஒவ்வொண்ணாத்தான் வெளிய வரும்."

இருபத்திரண்டு குற்றங்கள் என்று நரி குறித்துக்கொண்டது. வேலி திறந்தது. ஆணையத் தலைவரின் உத்தரவுப்படி கழுதைப்புலி முதுகைக் காட்டி நின்றது. உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு சிலம்பாயி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே மண் வாலால் மெழுகியது போல் சமமாக இருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?" என்றது நரி.

"எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டேன்."

"விடமாட்டேன்னு எழுதிக் குடுத்தியே?"

"அதையும் திருத்திக்குங்க ஐயா."

மழை வந்தது. முத்திரை வைத்துப் பூட்டியிருந்த விளையாட்டு ஒதுக்கீட்டுப் புற்றின் அடியை யாரும் பார்க்கவில்லை. ஊற்றுநீர் அரித்து, அது ஒரு காலையில் கரைந்துபோனது. மேட்டில், கூரையின் கீழ், கட்டம் உலர்ந்து கிடந்தது. விசாரணை எட்டு முறை நீட்டிக்கப்பட்டது. ஒன்பதாம் மாதம், அரசர் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, வேலிக்குள்ளிருந்து விரல் நீள உடும்புக் குஞ்சுகள் வரிசையாக வெளியேறின. கழுதைப்புலி ஒவ்வொன்றையும் எண்ணி அறிக்கை அளித்தது: 'கட்டத்தின் கூட்டாளிகள் இருபத்தொரு பேர் தலைமறைவு.' ஒரு முட்டை பொரியவில்லை. அது ஆதாரமாகக் கைப்பற்றப்பட்டது.

சிலம்பாயிக்குச் சான்றிதழ் கடைசிவரை வரவில்லை. அவள் அதன் பிறகு சதுரங்கம் ஆடவும் இல்லை. ஓடையின் வடக்குக் கரையில் தவளை பிடித்துத் தின்று, நல்ல உடல்நலத்தோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்தாள். முட்டையிடும் காலம் வரும்போதெல்லாம் அந்தப் பலகையில் ஏதேனும் ஒரு கட்டத்தின் மேல் புகார் மனு கொடுத்தாள். அவள் இறந்தபோது பலகையில் நாற்பத்து நான்கு கட்டங்கள் மட்டுமே பணியில் இருந்தன. அரசர் அதுவரை தோற்கவில்லை. அவளுடைய தோல் எந்தக் கஞ்சிராவுக்கும் போகவில்லை.

நீதி: எதிரியின் பலவீனமான இடத்தைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடாதே, அதன்மேல் ஒரு விசாரணை ஆணையம் அமையும்வரை காத்திரு. பிறகு அதைவிடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை.