மொட்டைமாடி முத்தும் ஒரு தாழ்ப்பாளும்

சளக்.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கரண்ட் இல்லை. மொட்டைமாடியில் தண்ணீருக்குள் ஏதோ விழுந்த மாதிரிச் சத்தம். பக்கத்தில் பாயைத் தடவினேன். என் மகள் கிளி இல்லை.

எனக்குப் பயம் புதிதில்லை. குக்கர், பல்லி, பிளக் பாயிண்ட், கொட்டையுள்ள பழம், எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். ஒன்றேகால் வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய? ஆனால் அன்றைக்குப் பயப்படவும் நேரமில்லை. ஓடினேன்.

ஒன்பதாவது படியில் இருந்தாள். பத்தாவது படியில் ஒரு முட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேலே கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கதவிலிருந்து மூன்றே எட்டில் முழங்கால் உயரச் சிமெண்ட் தொட்டி. தொட்டி நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் சிப்பிகள். பக்கத்தில் டார்ச்சும் கையுமாக என் கணவர் வெள்ளத்துரை.

"சத்தம் கேட்டியாட்டி? சிப்பி வாயை மூடும்போது தண்ணியைப் பீச்சி அடிக்கு. நல்ல ஆரோக்கியம்!"

"பிள்ளை ஒன்பதாவது படிக்கு வந்துட்டா. இந்தக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு வச்சா என்ன?"

"நான் நிமிசத்துக்கு ஒருக்க மேல வாரேன். ஒரு கையில வாளி, ஒரு கையில சிப்பிக்குத் தீனியா பாசித்தண்ணி. தாழ்ப்பாளைப் பல்லால திறக்கவா?"

"பிள்ளை தொட்டியில விழுந்தா?"

"நாந்தான் இங்கன நிக்கேம்லா!"

அவர் அங்கே நின்றார். பிள்ளை ஒன்பதாவது படிக்கு வந்தது அவருக்குத் தெரியவில்லை. இதற்கு மேல் அவரிடம் என்ன பேச?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. போன வருஷம் தென்காசியில் இரண்டு நாள் முத்து வளர்ப்புப் பயிற்சிக்குப் போனார். மூன்றாம் நாள் விஞ்ஞானியாகத் திரும்பினார். சான்றிதழ் எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் பாடம் உண்டு. கேஸ் சிலிண்டர் போட வந்தவரும் தப்பவில்லை. "சிப்பி வாயை லேசாத் திறக்கணும். சதையில சின்னதா ஒரு கீறல். அதுக்குள்ள சிப்பியோட ஓட்டைக் கடைஞ்சு செஞ்ச வெள்ளை மணியை வைக்கணும். கூடவே இன்னொரு சிப்பியோட சதையில ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கு மணியைச் சுத்திப் பையா வளரும். பை சுரக்கும். சுரக்கச் சுரக்கப் படலம் படலமா மணி மேல படியும். ஒன்றரை வருசத்துல முத்து! அதுவரைக்கும் திறந்து பாக்கக் கூடாது." என் பிரசவத்தைப் பற்றி இதில் பாதி விவரம்கூட அவருக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். பிடிக்காத மணியைச் சிப்பி துப்பிவிடும்.

எனக்கு அது முதல் மாசமே தெரியும். துணி காயப்போட்டபோது இறக்கிவிட்ட பிள்ளை எதையோ சப்பினாள். விரலை விட்டு எடுத்தால் வெள்ளை மணி. என் உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து அவர் கடைக்குப் போனதும் டீ வடிகட்டியோடு மேலே போவேன். தொட்டியின் அடியை அரிப்பேன். கிடைத்ததையெல்லாம் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுவேன். அவர் ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பார். அடியில் ஒரு மணியும் இருக்காது. "நம்ம சிப்பி ஒண்ணுகூடத் துப்பலை" என்று நெஞ்சை நிமிர்த்துவார்.

ஆறு மாசத்தில் பாட்டில் கழுத்துவரை வந்துவிட்டது.

அந்த ஒன்பதாவது படிக்குப் பிறகு, சனிக்கிழமை காலையில் தோசையை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா சிப்பிக்குள்ள மணி தெரியுமாமே? ஹனா சொன்னா."

பாத்திமா ஹனா கான்வென்ட்டில் என் பெஞ்ச். இப்போது ஒரு எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுக்கிறாள்.

"தெரியாம? பளிச்சுனு தெரியும்."

"அப்ப நாளைக்குப் பத்துச் சிப்பி கொண்டுபோவோம். நீங்களே பொறுக்குங்க. பாதியிலயாவது மணி பதிஞ்சிருந்தா கதவைப் பத்தி இனி வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா ராவும் பகலும் உள்பக்கம் தாழ்ப்பாள்."

"கோமதியம்மன் சத்தியமா! தோத்துட்டு அழக் கூடாது."

அன்றைக்குச் சாயங்காலம் சிப்பி பொறுக்க மேலே போனார். போகும்போது விசில். இறங்கும்போது விசில் இல்லை. திறந்து பாக்கக் கூடாது என்றவர் திறந்து பார்த்துவிட்டார் என்று முகமே சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளி என் இடுப்பில், சிப்பி வாளியில். விசில் திரும்பி வந்திருந்தது.

ஹனா பத்தையும் வரிசையாக வைத்து எடுத்தாள். கம்ப்யூட்டரில் படம் வந்தது. ஒவ்வொரு சிப்பிக்குள்ளும் ஒரு மணி.

"சொன்னேம்லா! பத்துக்குப் பத்து! தங்கச்சி, இதைப் பெருசா ஒரு பிரிண்ட் போடு."

பந்தயம் போச்சு என்று நினைத்தேன். ஹனா மட்டும் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

"ஏட்டி ஜெயா, இங்கன பாரு. மணிக்கு நடுவுல நேரா ஒரு கோடு."

"அது படலம், தங்கச்சி."

"அண்ணாச்சி, ஜெயா கேட்டான்னு இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். வளர்ப்பு முத்துல கோடு வட்டமாத்தான் வரும். வச்ச மணிக்கும் மேல படிஞ்ச படலத்துக்கும் ஊடால. தானா விளைஞ்ச முத்துன்னா வெங்காயம் மாதிரி நடு வரைக்கும் வளையமா இருக்கும். இது இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போகுது. துளை."

"துளையா?"

"முத்து விளைஞ்ச பொறவுதான் துளை போடுவாக. இதுக்குள்ள எந்த ஆசாரி போனாரு?"

ஒரு சிப்பியைக் குலுக்கி, அதே பக்கமாக வைத்து மறுபடி எடுத்தாள். முன்பு இடது ஓரம் இருந்த மணி இப்போது வலது ஓரம்.

"பைக்குள்ள இருக்க மணி இப்படி ஊர் சுத்தாது, அண்ணாச்சி."

கண் படாமல் இருக்கக் கிளியின் கையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். வசம்பு இருந்தது. கருப்பு மணி இருந்தது. நடுநடுவே கோத்திருந்த வெள்ளைப் பாசிமணி ஒன்றுகூட இல்லை. கயிற்றை மட்டும் நேர்த்தியாக முடிந்திருந்தார். காயில் கட்டுகிற கை அல்லவா?

"என்னங்க இது?"

அவர் ஃபேனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"சிப்பிக்குக் கண்ணு பட்டுரக் கூடாதுன்னு போட்டேன்."

ஹனா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளியும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ஜாம் பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன். தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

"அப்ப உனக்கு முன்னமே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பந்தயம் கட்டுனியா?"

"பயந்தவ தெரியாம பந்தயம் கட்டுவாளா?"

ரோஷம் வந்துவிட்டது. பாய், தலையணை, டார்ச் மூன்றையும் அள்ளினார்.

"இன்னையிலிருந்து நான் தொட்டிப் பக்கத்துலதான் படுப்பேன். கட்டுன புருஷன் வெளிய கிடக்கும்போது கதவை நீ எப்படிப் பூட்டுதேன்னு நானும் பாக்கேன்!"

இட்லியும் சட்னியும் மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தேன். கொசுவத்தியும் தீப்பெட்டியும் வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? மனசு கேக்கலைல்லா? அதாம்ட்டி பொம்பளை மனசு."

"ஆமாங்க" என்றேன். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன்.