ரோஸ்டரிடம் அகப்பட்டவர்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கண்டால் ரோஸ்டருக்குப் பொறுக்காது. சிட்னியில் அவரிடம் வேலை வாங்கிக்கொள்ளாமல் தப்பித்தவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், முன்பே இறந்துபோனவர்கள். இறந்தவர்களிலும் சிலர் பெயர் அவருடைய பட்டியலில் இருந்ததாகச் சொல்வார்கள்.

எழுபதுகளின் நடுவில், ஒரு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்து நான் சென்னையிலிருந்து சிட்னிக்குப் போனேன். பாண்டாய் கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், மூன்றாவது மாடியில் வாடகை அறை. எதிரே யூதர்களின் ஜெப ஆலயம். ஒரு சனிக்கிழமை காலை பால் வாங்கித் திரும்பும்போது, அதன் வாசலில் கோட்டும் தொப்பியுமாக நின்றிருந்த குள்ளமான பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெட்ராஸா?" என்றார். தமிழில்.

பால் பாட்டில் என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அவருடைய தாத்தா பாக்தாதிலிருந்து வந்து பாரிமுனையில் துணி வியாபாரம் செய்தவராம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு சிட்னிக்கு வந்துவிட்டார். நான் நெகிழ்ந்துபோய் நிற்க, அவர் வானத்தைப் பார்த்து, "உள்ள ரொம்பக் குளிருது தம்பி. ஹீட்டர் சுவிட்ச் கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு" என்றார்.

ஆமாம், இந்த ஊரில் ஜூன் மாதம் என்றால் குளிரத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டேன். அவர் மறுபடியும் குளிருவதாகச் சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். சுவிட்ச் போடக் கூடாது, போடச் சொல்லி இன்னொருவரைக் கேட்கவும் கூடாது. ஆனால் குளிருகிறது என்று வருத்தப்படுவதற்குத் தடை எதுவும் இல்லை போலிருக்கிறது. நான் உள்ளே போய் ஹீட்டரைப் போட்டேன். அங்கிருந்த அவர்களுடைய மதகுரு, ரபி, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே வந்தபோது பெரியவர், அடுத்த வாரமும் குளிரும் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார்.

இப்படித்தான் நான் அகப்பட்டேன்.

யார், எந்த நாளில், எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்ற பட்டியலுக்கு அந்த ஊரில் ரோஸ்டர் என்று பெயர். அதை எந்நேரமும் கையில் வைத்திருந்ததால் பெரியவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஓய்வுநாளில் எழுதவும் கூடாது என்பதால், சனிக்கிழமை யார் யார் எதற்குத் தலையாட்டினார்கள் என்பதை மனதிலேயே குறித்துக்கொள்வார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் டெலிபோன் அடிக்கும். எடுக்காவிட்டால் நேரில் வந்துவிடுவார் என்பதால் எல்லோரும் எடுத்துவிடுவார்கள்.

அவர் பொறுப்பேற்பதற்கு முன் அங்கே இருந்த நிலைமை வேறு. ஓய்வுநாளில் கார் ஓட்டக் கூடாது என்பதால், பலர் இரண்டு தெரு தள்ளிக் காரை நிறுத்திவிட்டு நடந்தே வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். பிரார்த்தனை முடிந்ததும், கார் யார் கண்ணிலும் படுவதற்குள் ஓடிவிடுவார்கள். ஒற்றுமையைப் பற்றி ரபி மூன்று முறை பிரசங்கம் செய்தார். எல்லோரும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத் தனித்தனியாகப் போனார்கள்.

ரோஸ்டருக்குப் பிரசங்கத்தில் நம்பிக்கை இல்லை. "வாங்க வாங்கன்னு சொன்னா எவனும் வர மாட்டான் தம்பி. நீ வரலேன்னா இன்னைக்கு யாருக்கும் டீ இல்லேன்னு சொல்லு, ஓடி வருவான்" என்பார்.

பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒருவரை உருளைக்கிழங்கு தோல் சீவ வைத்தார். கத்தி பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று காரணமும் சொன்னார். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மைத்துனர்களுக்கு வாசல் கதவை ஒப்படைத்தார். இடது கதவு ஒருவருக்கு, வலது கதவு மற்றவருக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் மாதம் இருமலால் சைகை காட்டிக்கொண்டார்கள். பிறகு யார் தாமதமாக இழுத்தது என்று சண்டை போட்டார்கள். சண்டை போட்டால் பேசியதாகத்தானே அர்த்தம் என்று ரோஸ்டர் மகிழ்ந்தார்.

கடைசி வரிசையில் போலந்திலிருந்து வந்த தச்சர் ஒருவர் உட்காருவார். யுத்தத்தில் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் மிஞ்சியவர். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, பேசாமல் போவார். கூடத்தில் நாலு நாற்காலி ஆடுகிறது என்று ரோஸ்டர் அவரிடம் ஒரு நாள் முறையிட்டார். ஞாயிற்றுக்கிழமை தச்சர் பெட்டியோடு வந்து சரிசெய்தார். யாரோ டீ கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேறு நாலு நாற்காலி ஆடியது. டீயோடு கேக்கும் வந்தது. பெண்கள் வீட்டிலிருந்து உடைந்த அலமாரிக் கதவுகளைக் கொண்டுவந்தார்கள். எட்டு மாதத்தில் தச்சர் இரண்டு முறை சிரித்ததை நானே பார்த்தேன்.

ஒரு ஞாயிறு, ஆலயத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மேசை போடுவதற்காக நான் சீக்கிரமே போனேன். ஒரு நாற்காலிக்கு அடியில் ரோஸ்டர் ஸ்குரூ டிரைவரோடு படுத்திருந்தார். திருகை முறுக்கவில்லை, தளர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"எல்லாம் சரியாயிட்டா அவர் வீட்லயே இருந்துடுவார்ப்பா" என்றார், வெளியே வராமலே. "நீ ஒண்ணும் பாக்கல."

நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ் ஸ்டிரைக். தச்சர் நடந்து வந்து சேருவதற்குள் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. ஆண்டறிக்கையை வாசித்து முடித்த கமிட்டித் தலைவர் பெருமிதத்தோடு உட்கார்ந்தார். நாற்காலி கழன்று, பெருமிதம் தரையில்தான் போய் நின்றது. அடி ஒன்றும் இல்லை. தூக்கிவிடக் குனிந்த ரோஸ்டரின் கோட்டுப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் எல்லோர் முன்னாலும் விழுந்தது.

அவருடைய அரும்பெரும் சேவைக்கு நன்றி தெரிவித்து, அதை உடனே நிறுத்திக்கொள்ளும்படி கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. மூன்று வாரம் அவர் கடைசி வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மைத்துனர்களில் ஒருவர் வரவில்லை. கதவு பாதிதான் திறந்தது. டாக்டர் தன்னை யாரும் கூப்பிடவில்லையே என்று வீட்டில் இருந்துவிட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எழுந்து டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பலர் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

நான்காவது வாரக் கூட்டத்தில் தச்சர் எழுந்து நின்றார். அவர் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னது இது:

"நாற்பது வருஷமா இந்த வேலை செய்யறேன். தானா தளர்ந்த திருகுக்கும் கழட்டின திருகுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? முதல் மாசமே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார்.

"சொன்னா கூப்பிடறதை நிறுத்திடுவார்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பட்டியலைக் கவனிக்க ஆள் இல்லாமல் சிரமமாக இருக்கிறது என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். ரோஸ்டர் அதற்குள் எழுந்து, தலைவரையே அடுத்த வாரம் பாத்திரம் கழுவப் போட்டுவிட்டார். ஸ்குரூ டிரைவர் மட்டும் இனி தச்சரிடம் இருக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் நிறைவேறியது.

அந்த வருடக் கடைசியில் எனக்கு நல்ல காய்ச்சல். இரண்டு நாள் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க ரோஸ்டர் நின்றார். கையில் அவர் மனைவி வைத்த கோழி சூப். சொல்லி அனுப்பவில்லையே என்று திட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துருப்பிடித்த தமிழில் பாரிமுனைக் கதைகளைச் சொன்னார். ஒரு மணி நேரம் இருந்தும் எந்த வேலையும் கொடுக்கவில்லை. என் உடம்பு அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று எனக்குப் பயமே வந்துவிட்டது.

அதன் பிறகு ஊருக்கு எழுதிய கடிதங்களில், இங்கே எனக்கென்று யாரும் இல்லை என்று நான் எழுதியதில்லை.